இரண்டு வாரத் துறைமுகப் பயிற்சி: போகும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

அமெரிக்க ராணுவ ரிசர்வில் 88எச் என்றால் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆள். மாதம் ஒரு வார இறுதி டிரில், வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் தொடர் பயிற்சி. டிரில் நாட்கள் பெரும்பாலும் வகுப்பிலும் சாமான் கணக்கெடுப்பிலும் போய்விடும். நிஜக் கப்பலைப் பார்ப்பது அந்த இரண்டு வாரத்தில்தான். முதல் தடவை போனபோது கிரேனும் கடலும்தான் பயமுறுத்தும் என்று நினைத்திருந்தேன். ஆனால் என்னை ஆட்டிவைத்தவை காகிதமும் எடையும் காத்திருப்பும். கையிலிருந்து 640 டாலர் போனது. அதில் 230 டாலர்தான் திரும்பக் கிடைத்தது, அதற்கும் ஆறு வாரம் அலைந்தேன். விவரம் கேட்க ஒரு ஆள் கிடைக்காமல் தவித்த தவிப்பு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பயிற்சி உத்தரவு கைக்கு வந்த அன்றே வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். ராணுவப் பணிக்குப் போகிறவர்களின் வேலையைக் காக்க 1994-இல் வந்த யுசெர்ரா சட்டப்படி வாயால் சொன்னாலே போதும். இருந்தாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உத்தரவின் நகலையும் சேர்த்து வைத்தால் பின்னால் யாரும் மறுக்க முடியாது. பயிற்சி நாட்களை உங்கள் சொந்த விடுமுறையில் கழிக்கச் சொல்லி அவர்கள் வற்புறுத்தக் கூடாது. அதே நேரம் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை, ஆகவே அந்த மாத வீட்டுக் கணக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள். எனக்குத் தெரியாமல் போனது திரும்பி வரும் நாள் பற்றிய விதி. 30 நாளோ அதற்குள்ளோ முடியும் பயிற்சி என்றால், வீடு வந்து சேர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்தபின் வரும் முதல் முழு வேலை நாளிலேயே போய் நிற்க வேண்டும். 31 நாளிலிருந்து 180 நாள் வரை என்றால்தான் திரும்ப விண்ணப்பிக்க 14 நாள் அவகாசம். நான் உடம்பு வலிக்கிறதே என்று கூடுதலாக ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டேன். மேலாளர் கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. ஓய்வு வேண்டும் என்று தோன்றினால் அந்த ஒரு நாளைச் சொந்த விடுமுறையாக முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். பயணச் செலவு எல்லாம் டி.டி.எஸ். என்ற கணினி அமைப்பு வழியாகத்தான் போகும். புறப்படும் முன் அதில் அனுமதி ஏறியிருக்க வேண்டும், திரும்பிய ஐந்து வேலை நாளுக்குள் செலவுக் கணக்கைப் போட வேண்டும். தங்கிய இடத்துக்கு எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது வேண்டும். மற்றவற்றில் 75 டாலரும் அதற்கு மேலும் போனால் ரசீது கட்டாயம். நான் விமான நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப்போக வண்டி வரவில்லை. கூட வந்த இருவருக்கும் சேர்த்து வாடகைக் கார் எடுத்தேன், இரண்டு வாரத்துக்கு 410 டாலர். என் உத்தரவில் வாடகைக் கார் அனுமதி என்ற வரியே இல்லை என்பது திரும்பி வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. அந்த 410 வரவே இல்லை. வழியில் தங்கிய இரண்டு இரவுக்கான 230 டாலர் ரசீது இருந்ததால் வந்தது. ஆகவே உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். வண்டி, தங்குமிடம், சாப்பாடு மூன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இல்லாத ஒன்று தேவைப்பட்டால் புறப்படும் முன் திருத்த உத்தரவு கேளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அதை எழுத்தில் வாங்குங்கள்.

பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ராணுவ பூட்ஸில் விரல் பக்கம் எஃகுத் தொப்பி இருக்காது. கப்பல்தளத்தில் அது இல்லாமல் பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். வாங்கும்போது உள்நாக்கில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2413 என்ற பாதுகாப்புக் காலணித் தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கியதை முதல் நாளே மாட்டிக்கொண்டு 12 மணி நேர ஷிஃப்டில் நிற்காதீர்கள். மூன்று வாரமாவது வீட்டில் போட்டு நடந்து பழக்குங்கள்.

போய்ச் சேர்ந்த இடம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஃபோர்ட் யூஸ்டிஸ். கடற்கரை வேலைக்கு அங்கிருந்து கேப் ஹென்றி முனையில் உள்ள ஃபோர்ட் ஸ்டோரிக்குக் கூட்டிப்போவார்கள். கப்பல் வரும்வரை காத்திருப்புதான். பலர் அந்த நாட்களைத் தூங்கிக் கழிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள், ஏனென்றால் வண்டி ஓட்டும் அனுமதியைச் சரிபார்க்க வேண்டிய நேரம் அதுதான். ராணுவ ஓட்டுநர் அட்டையில் எந்தெந்த வண்டி வகை எழுதியிருக்கிறதோ அவற்றை மட்டும்தான் கப்பலில் ஏற்ற விடுவார்கள். என் அட்டையில் ஹம்வீ என்ற ராணுவ ஜீப் மட்டும் இருந்தது. கப்பலில் ஏற வேண்டியவற்றில் பாதிக்கு மேல் கனரக லாரிகள். நல்ல திறமையோடு வந்தவர்கள்கூட அட்டையில் ஒரு வரி இல்லாததால் இரண்டு நாள் கூம்பு அடுக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வருத்தம் சாதாரணமல்ல. ஊரில் இருக்கும்போதே டிரில் நாட்களில் இந்த அட்டையை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

இனி யார்டு, அதாவது ஏற்றும் முன் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சரிபார்க்கும் திடல். கப்பலில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் ராணுவச் சரக்குச் சீட்டு இரண்டு ஒட்டவேண்டும்: ஒன்று முன் பம்பரில், ஒன்று ஓட்டுநர் பக்கக் கதவில். அதில் 17 எழுத்துகளும் எண்களும் கலந்த கட்டுப்பாட்டு எண் இருக்கும். அந்த வண்டி யாருடையது, எங்கே போகிறது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். சீட்டைத் துடைக்காத, எண்ணெய்ப் பிசுக்குள்ள பரப்பில் ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. துணியால் நன்றாகத் துடைத்து, ஒட்டி, மேலே அகலமான ஒளி ஊடுருவும் டேப்பை நான்கு ஓரமும் மூடும்படி ஒட்டி, விரல் நகத்தால் ஓரங்களை அழுத்தித் தேய்க்க வேண்டும். பார்கோடின் மேல் டேப் சுருங்கி மடிப்பு விழுந்தால் ஸ்கேனர் படிக்காது, உரித்துவிட்டுப் புதுச் சீட்டு அச்சடிக்க வேண்டியதுதான்.

சீட்டில் உள்ள நீளம், அகலம், உயரம், எடை நான்கும் நிஜ வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். கப்பலில் எதை எங்கே நிறுத்துவது என்ற படத்தை ஐகோட்ஸ் என்ற மென்பொருளில் இந்த எண்களை வைத்துத்தான் வரைகிறார்கள். ஒரு லாரியின் கூரைமேல் சட்டம் ஒன்றைப் பொருத்திவிட்டு உயரத்தைத் திருத்தாமல் விட்டால், தளத்தின் கூரைக்கு அடியில் அது நுழையாது. அதற்குப் பின்னால் நிற்கும் வரிசை முழுக்க நின்றுபோகும். எங்கள் ஷிஃப்டில் அப்படி ஒரே ஒரு வண்டியால் இரண்டு மணி நேரம் போனது. அளக்கும்போது ஆன்டெனாவை மடக்கிக் கட்டி, கண்ணாடிகளை மடித்து, பின்னால் தொங்கும் கொக்கி வரை சேர்த்து அளங்கள். ஆவணத்தில் இருப்பதை அப்படியே நம்பாதீர்கள், அளவு நாடாவை எடுங்கள்.

எது ஒத்துப்போகவில்லையோ அது "ஃப்ரஸ்ட்ரேட்டட்" என்று தனி இடத்துக்குத் தள்ளப்படும். அங்கே போகும் பொருட்களில் பெரும்பாலானவை ஆபத்துப் பொருள் அறிவிப்பு இல்லாதவை. கன்டெய்னருக்குள் யாரோ தூக்கிப் போட்ட பெயின்ட் டப்பா, தீயணைப்பான், லித்தியம் பேட்டரிப் பெட்டி, பிளீச்சிங் திரவம் — இவற்றில் ஒன்று இருந்து, அதற்கான அறிவிப்புப் படிவம் இல்லாவிட்டால் கன்டெய்னர் அசையாது. பூட்டைத் திறந்து, எல்லாவற்றையும் இறக்கி, பட்டியலோடு ஒப்பிட்டு மறுபடி ஏற்ற அரை நாள் ஓடிவிடும். கன்டெய்னரின் கதவில் உள்ள சி.எஸ்.சி. என்ற பாதுகாப்பு ஆய்வுத் தகட்டையும் பாருங்கள். தயாரித்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் முதல் ஆய்வு, பிறகு 30 மாதத்துக்கு ஒருமுறை. தேதி தாண்டியிருந்தால் காலியாக இருக்கும்போதே வேறு கன்டெய்னர் கேட்டுவிடுங்கள். நிரப்பிய பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏறும் சரக்கு நிரப்பிய கன்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடை கட்டாயம், குத்துமதிப்பு எடை செல்லாது.

எல்லோரும் தவறு செய்யும் இடம் சமநிலை மையம், அதாவது தூக்கும்போது வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் புள்ளி. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தரவில்லை. வண்டியின் முன் நுனியிலிருந்து ஒவ்வொரு அச்சும் எத்தனை அங்குலம் என்று அளங்கள். ஒவ்வொரு அச்சின் எடையையும் அந்தத் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுங்கள். முன் அச்சு 6,000 பவுண்டு, 40 அங்குலத்தில். பின் அச்சு 10,000 பவுண்டு, 170 அங்குலத்தில் என்று வைப்போம். 2,40,000-உம் 17,00,000-உம் சேர்ந்தால் 19,40,000. அதை 16,000-ஆல் வகுத்தால் 121.25 அங்குலம். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் டேப்பால் 'டி' வடிவில் குறி போட வேண்டும். வண்டியின் நடுவில் கண்ணால் பார்த்துக் குறி போட்டால், தூக்கும்போது கனமான பக்கம் சாய்ந்து சுழலும். இன்னொன்று: எடை போட்டபோது இல்லாத டயரையோ பெட்டியையோ பின்னால் ஏற்றினால் குறி நகர்ந்துவிடும். கடைசிப் பொருளும் ஏறி முடிந்த பிறகுதான் எடை மேடைக்குப் போக வேண்டும்.

ரோரோ கப்பலில் வண்டிகள் சாய்தளம் வழியாக ஓடியே ஏறும். இவற்றில் எல்.எம்.எஸ்.ஆர். என்ற பெரிய வகைக் கப்பல்கள் ஏறக்குறைய 950 அடி நீளம். உள்ளே நுழைந்தால் பல மாடி வாகன நிறுத்தம்போல இருக்கும், ஆனால் புகை போக வழி குறைவு. காற்றோட்ட விசிறிகள் ஓடுகின்றனவா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போங்கள். தலைவலி, குமட்டல் தோன்றினால் உடனே மேலே வந்துவிடுங்கள், அது பசியோ களைப்போ என்று சும்மா இருக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. வண்டிக்கு வழிகாட்டும் ஆள் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிற்கவே கூடாது. பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நடக்கக் கூடாது. தரையில் வண்டியைக் கட்டும் லாஷிங் வளையங்களும் சங்கிலிகளும் கிடக்கும், ஒரு கால் தடுக்கினால் முன்னால் வருவது ஏழெட்டு டன். ஓட்டுநர் கண்ணுக்கு வழிகாட்டி தெரியாமல் போன நொடியிலேயே பிரேக் மிதிக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் கை பிரேக், கியர், கட்டை, பிறகு சங்கிலி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனக் குறைந்தது நான்கு. கனத்துக்கு ஏற்ப இன்னும் கூடும். இரண்டு முன் சங்கிலிகளும் ஒரே திசையில் இழுத்தால் பயனில்லை, எதிரெதிராக விரிந்து இழுக்க வேண்டும். சாவி வண்டியிலேயே இருக்கட்டும். பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போன ஒருவரைத் தேடி நள்ளிரவில் தங்குமிடம் முழுக்க எழுப்பினோம்.

கிரேன் வேலைக்கு முன் தரையிலேயே கட்டிவைத்த பயிற்சிக் கப்பலில் பழக்குவார்கள். அங்கே ஸ்லிங், அதாவது சுமையைக் கிரேனில் மாட்டும் கயிறு, சாயும் கோணம் பற்றிச் சொல்லும்போது கவனமாகக் கேளுங்கள். 10,000 பவுண்டு சுமையை இரண்டு கயிறு நேராகத் தூக்கினால் ஒவ்வொன்றிலும் 5,000. கயிறு தளத்தோடு 60 பாகையில் சாய்ந்தால் 5,774, 45 பாகையில் 7,071, 30 பாகையில் ஒவ்வொன்றிலும் முழு 10,000. சுமை ஒரு துளிகூட ஏறவில்லை, கயிற்றில் வரும் இழுவை மட்டும் இரட்டிப்பாகிவிடும். கயிறு சின்னதாக இருந்தாலும் எட்டிவிட்டதே என்று மாட்டுவது இதனால்தான் ஆளைக் கொல்லும். கம்பிக்கயிற்று ஸ்லிங்கை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்பு கையுறையோடு தடவிப் பாருங்கள். ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும் தூரம்) பத்துக் கம்பி அறுந்திருந்தாலோ ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது. சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே. ஆனால் நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும் கிரேன் ஓட்டுபவர் நிறுத்தியாக வேண்டும். புதியவர்கள் இதைக் காட்டக் கூச்சப்படுவார்கள். நானும் ஒருமுறை கூச்சப்பட்டு, வழிகாட்டிக் கயிறு ஒருவர் காலைச் சுற்றியதைப் பார்த்தும் இரண்டு நொடி தாமதித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு நொடியை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

இரண்டாவது வாரம் கடற்கரை. துறைமுகமே இல்லாத இடத்தில் பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரமிட, சரக்குப் படகுகளும் மிதவைப் பாலமும் வழியாகச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருவது. மிதவைப் பாலத்தின் ஒரு துண்டு 80 அடி நீளம், 24 அடி அகலம். எஃகுப் பெட்டிகளைக் கோத்துச் செய்தது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது நடுவில் கையோ காலோ வைக்கவே கூடாது. அலை அமைதியாகத் தெரிந்தாலும் அந்த இடைவெளி மூச்சுவிடுவதுபோல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். உயிர்காப்புச் சட்டையின் எல்லாப் பட்டைகளையும் பூட்டியே வைத்திருங்கள். கடல்நோய் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஏற்றவற்ற நேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, கையில் எழுதிக்கொள்ளுங்கள். 174 அடி நீளமுள்ள எல்.சி.யூ. 2000 என்ற சரக்குப் படகு கரையை நெருங்கும்போதே பின்னால் நங்கூரம் போட்டுக்கொண்டு வரும், அதை இழுத்துத்தான் பின்வாங்கும். வற்றம் இறங்கிக்கொண்டிருக்கும்போது இறக்குவதில் தாமதித்தால் படகு மணலில் அமர்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரும்வரை அரை நாள் காத்திருக்க வேண்டும். மணலில் வண்டி சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். நிறுத்திவிட்டு புல்டோசரைக் கூப்பிடுங்கள், அது அதற்காகத்தான் கரையில் நிற்கிறது. மணல்மேல் போட்டிருக்கும் விரிப்பை விட்டு ஒரு சக்கரம்கூட வெளியே போகாமல் ஓட்டினாலே பாதித் தொல்லை இல்லை.

வானிலை விஷயத்தில் தலைமை எடுக்கும் முடிவை எதிர்த்து முணுமுணுக்காதீர்கள். அலை உயரம் அரை மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டர் வரை போனால் கடல் நிலை 3 என்பார்கள். அந்த மாதிரி அலை மிதவைப் பாலத்துக்கு ஆபத்து. 1944 ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயல் நார்மண்டியில் ஒமாஹா கரையின் செயற்கைத் துறைமுகத்தை உடைத்தது, அதைத் திரும்பக் கட்டவில்லை. 80 ஆண்டு கழித்து, 2024 மே 16-இல் காசா கரையில் பொருத்திய மிதவைப் பாலம் ஒன்பதே நாளில், மே 25-இல் அலையில் சேதமாகி, அஷ்தோத் துறைமுகத்துக்கு இழுத்துப்போய்ச் சரிசெய்து ஜூன் 7-இல்தான் மறுபடி மாட்டினார்கள். ஜூலையில் அந்தப் பணியே முடித்துக்கொள்ளப்பட்டது. அதில் இறங்கியவர்களில் பலரும் ஃபோர்ட் யூஸ்டிஸிலிருந்து போனவர்கள்தான். காலையில் வெயில் அடிக்கிறதே, ஏன் வேலையை நிறுத்தினார்கள் என்று எங்கள் குழுவிலும் சலிப்பு வந்தது. மாலையில் அதே கடலைப் பார்த்த பிறகு யாரும் பேசவில்லை.

உப்புநீர் பட்ட எதையும் அன்றே நல்ல நீரில் கழுவுங்கள்: சங்கிலி, கொக்கி, சங்கிலியை இறுக்கும் ராட்செட், வண்டியின் அடிப்பாகம், உங்கள் பூட்ஸ். ராட்செட்டின் பற்களுக்குள் மணல் தங்கினால் மறுநாள் கைப்பிடி திரும்பாது. அப்படி இறுகிப்போன ஒரு ராட்செட்டை நெம்பும்போதுதான் என் வலது மோதிர விரல் நசுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. அது பெரிய தவறு. பயிற்சியில் அடிபட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டி, பணியின்போது ஏற்பட்ட காயம் என்று டி.ஏ. 2173 படிவம் தொடங்கச் சொல்ல வேண்டும். ரிசர்வ் ஆளுக்கு உத்தரவு முடிந்த மறுநாள் ராணுவ மருத்துவம் தானாகத் தொடராது. அந்தக் காகிதம் இருந்தால்தான் பின்னால் வரும் சிகிச்சைக்கு வழி. எனக்கு மூன்று வாரம் கழித்து விரல் மடங்காமல் போனபோது, எந்த நாளில், எந்த வேலையில், யார் பார்த்தார்கள் என்று மறுபடி எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. உடன் நின்றவர் ஒருவர் சாட்சிக் கடிதம் கொடுத்ததால்தான் ஏற்றுக்கொண்டார்கள். படிவத்தின் நகலைக் கைபேசியில் படமெடுத்து, உத்தரவு, பயண அனுமதி, ரசீதுகள், ஓட்டுநர் அட்டை எல்லாவற்றோடும் ஒரே கோப்பில் போட்டு, பயிற்சி இடத்திலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். ராணுவக் கணினியில் மட்டும் இருந்தால் வீட்டிலிருந்து திறக்க முடியாமல் அடுத்த டிரில் வரை காத்திருக்க வேண்டிவரும்.